மீட்டர்காரர் கேட்காத மாத்திரைகள்

அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுத்தவர். வாசலுக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்குவார். முழங்காலிட்டு, கண்ணாடி மேல் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் பார்த்துவிட்டு மூடுவார். ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு. மற்றவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று எழுதினால், இவர் ஒரு தெருவை முழுக்க முடித்துவிட்டு, தெருமுனையில் நின்று மொத்தமாக எழுதுவார். மேலதிகாரி நம்பாமல் ஒருமுறை பின்னாலேயே போய்ச் சரிபார்த்திருக்கிறார். இருபத்தாறு வீட்டில் ஓர் எண்கூடப் பிசகவில்லை.

அந்த வேலை அவருக்குத் தேய்ந்த முழங்கால்களையும் ஒரு கர்வத்தையும் கொடுத்தது. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆனபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி இல்லை. மகள் நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தாள். வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் என்னை அனுப்பியது. எனக்கும் அப்போது அறுபது தாண்டிவிட்டது. நான் நர்ஸ் இல்லை, பராமரிப்புப் பயிற்சி முடித்தவள் என்று முதல் நாளே சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசிவரை "நர்ஸம்மா"தான்.

கெட்டிக்காரர், வாய்த்துடுக்கும் உண்டு. சமையலறைக் குழாய் சொட்டினால் படுக்கையிலிருந்தே, "ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் போகுது நர்ஸம்மா, வாஷரை மாத்தச் சொல்லுங்க" என்பார். கால் பயிற்சி செய்யும்போது வலி தெரியாமல் இருக்க, பழைய தெருக்களை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டு எண்ணையும் மீட்டர் எண்ணையும் வரிசையாகச் சொல்வார். ஒரு தெரு முடிந்தால் ஒரு பயிற்சி முடிந்தது என்று கணக்கு.

நான் போய் நாலாவது மாதம் முதல் பார்சல் வந்தது. முழங்காலுக்குச் சூடு வைக்கும் பட்டை. உள்ளே ஒரு பில், "தாங்கள் விரும்பிக் கேட்டபடி அனுப்பியுள்ளோம்" என்று ஒரு கடிதம்.

"இதை யாரு வரவழைச்சது?" என்றார்.

"உங்க பேருதான் போட்டிருக்கு ஐயா."

"என் பேரு டெலிபோன் புஸ்தகத்துலகூடத்தான் இருந்துச்சு. அதுக்காக நான் ஊரையே கூப்பிட்டேன்னு அர்த்தமா?"

அடுத்த மாதம் ஞாபகசக்தி மாத்திரை வந்தது, மூன்று டப்பா. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டான் பாருங்க!" என்றார். அதற்குப் பிறகு மிரட்டல் கடிதங்கள் வந்தன. பதினைந்து நாளில் பணம் கட்டாவிட்டால் வழக்கு என்று சிவப்பு எழுத்தில். அப்போது சிரிப்பு நின்றது.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது. தினக் குறிப்பேட்டில் "பார்சல் வந்தது, தான் கேட்கவில்லை என்கிறார்" என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது: "தானே வரவழைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஞாபகக் குறைவு தொடங்கியிருக்கிறது." எத்தனையோ வயதானவர்களைப் பார்த்தவள் என்ற மிதப்பில் எழுதினேன்.

அந்த வாரம் மகள் வந்தாள். பார்சல்களையும் கடிதங்களையும் பார்த்தாள்.

"அப்பா, மறதி இல்லாதவங்க யாராச்சும் ஞாபக மாத்திரை வாங்குவாங்களா?"

"நான் வாங்கலைன்னுதானே சொல்றேன்."

"வாங்கினதை மறந்துட்டீங்கன்னுதானே நானும் சொல்றேன்."

அவள் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியை அவர் முன்னால் வைத்தாள். "நர்ஸம்மாவே எழுதியிருக்காங்க, பாருங்க." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

மகள் கெட்டவள் அல்ல. இன்றைக்கு மாத்திரை, நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. ஒரு முதியோர் இல்லத்தில் அறை காலியாக இருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் என்னை நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார். "நான் தண்ணி குடுக்காத வீட்டுக்கு பில் போட்டிருந்தா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க. இவனுக்கு மட்டும் சட்டம் கிடையாதா? கேட்டுட்டு வாங்க. கேக்கலைன்னு அவங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும், என் மகள் நம்புவா." அவரால் மாடி ஏற முடியாது. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

இரண்டாவது மாடி. அறை மூலையில் அவர் வீட்டுக்கு வந்த அதே மாதிரிப் பெட்டிகள் இடுப்பளவு அடுக்கிக் கிடந்தன. மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள், ஸ்டேப்ளரில் சிக்கிய பின்னை நகத்தால் நெம்பிக்கொண்டே கேட்டார்.

"அவர் ஆர்டர் பண்ணினாரா?"

"இல்லைன்றார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வயசானவர்..."

"வயசைக் கேக்கலீங்க."

அந்த அம்மாள் சட்டத்தை விளக்கினார். கேட்காமல் தபாலில் வந்த பொருளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையது அல்ல. வைத்துக்கொள்ளலாம், தூக்கியும் எறியலாம். கேட்டார் என்று நிரூபிக்க வேண்டியது அனுப்பியவன்தான். மிரட்டிக் கடிதம் எழுதுவதே குற்றம்.

பிறகு பேனாவை எடுத்தார். "இவனுங்க முதல்ல இலவசம்னு ஏதாவது குடுத்து விலாசத்தைப் புடிப்பானுங்க. சர்க்கரை அளவு எழுதுற டைரி, மாத்திரைப் பெட்டி, அந்த மாதிரி. டாக்டர் ரூம்ல கிடக்கிற பத்திரிகையில கூப்பன் இருக்கும். அப்படி ஏதாவது வந்துச்சா?"

ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த மாத்திரைப் பெட்டி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், டாக்டருக்காகக் காத்திருந்தபோது கூப்பனைக் கிழித்து, நோயாளி பெயர் என்ற இடத்தில் அவர் பெயரும், முகவரியும், வயதும் எழுதி, கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பியிருந்தேன். நல்ல பெட்டி. தினமும் அதிலிருந்துதான் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்பதை அடியோடு மறந்திருந்தேன். மறதி எனக்கு.

"இல்லைங்க. ஒண்ணும் வரலை" என்றேன்.

நோயாளிக்காகக் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அதற்குப் பயந்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஒன்பது நாள் அந்தப் பொய்யோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு நாள், "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "விசாரிக்கிறாங்க" என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஆறாம் நாள் கால் பயிற்சியில் வழக்கம்போல ஒரு தெருவை ஆரம்பித்தார். பதினோராவது வீட்டில் நின்றார். என் முகத்தைப் பார்த்து, "அடுத்தது எவ்வளவு நர்ஸம்மா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெருவை நான் பார்த்ததுகூட இல்லை. அதன் பிறகு அவர் தெருக்களைச் சொல்லவில்லை. பயிற்சியை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் முதியோர் இல்ல விண்ணப்பத்தோடு வந்தாள். அவர் வாதாடவில்லை.

"பேனாவைக் குடும்மா. ஒருவேளை நான்தான் எழுதிப் போட்டேனோ என்னமோ. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

அவர் சண்டை போட்டிருந்தால் நான் அன்றைக்கும் வாயைத் திறந்திருப்பேனா, தெரியாது. அவர் ஒப்புக்கொண்டதுதான் தாங்கவில்லை. உள்ளே போய் மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்து விண்ணப்பத்தின் மேல் வைத்தேன்.

"அவர் ஒண்ணும் கேக்கலைம்மா. இதுக்காக அவர் பேரை எழுதி அனுப்பினது நான். அதுலேருந்துதான் பார்சல் வருது. அவருக்கு மறதி எதுவும் இல்லை."

மகள் மெதுவாகக் கேட்டாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பது நாளா."

"ஒன்பது நாளா அவரு தன்னையே சந்தேகப்படுறதைப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா."

குறிப்பேட்டை எடுத்தேன். எங்கள் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் "தவறு" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். மகள் பார்க்க அதைச் செய்தேன். விண்ணப்பத்தை அவள் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கோளாறு மீட்டர்ல இல்லை. ரீடிங் எடுத்தவங்க கையில" என்றார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. "அந்த மூணு டப்பா மாத்திரையும் நீங்களே வச்சுக்குங்க நர்ஸம்மா. உங்களுக்குத்தான் தேவைப்படுது."

மறுநாள் அதே இரண்டாவது மாடிக்குப் போய், அதே அம்மாளிடம் நான் சொன்னது பொய் என்றேன். அவர் திட்டவில்லை. "பாதிப் பேரு வெக்கப்பட்டு வரதே இல்லை. அதுலதான் அவன் சம்பாதிக்கிறான்" என்றார். கூப்பனின் பின்பக்கம் எறும்பளவு எழுத்தில், மாதா மாதம் பொருள் அனுப்பச் சம்மதம் என்று இருந்ததாம். ஒளித்து வைத்த எழுத்தும் வேறொருவர் போட்ட கையெழுத்தும் ஆர்டர் ஆகாது என்று அலுவலகம் அந்தக் கம்பெனிக்கு எழுதியது. பார்சலும் நின்றது, சிவப்புக் கடிதமும் நின்றது. எங்கள் நிறுவனம் என்னை மூன்று மாதம் வேலையிலிருந்து விலக்கி வைத்தது. நியாயம்தான். அது முடிந்ததும் மீட்டர்காரரே போன் செய்து, என்னையே அனுப்பச் சொன்னார். புது ஆளுக்கு வீட்டைப் பழக்கத் தனக்குப் பொறுமை இல்லை என்றாராம்.

இன்னும் மூன்றரை வருடம் அவர் தன் வீட்டிலேயே இருந்தார். மகள் மாதம் ஒருமுறை வந்துபோனாள். முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் நான் எழுதிய ஒரு வரியும், ஒன்பது நாள் மௌனமும் அவருக்குள் எங்கோ தங்கிவிட்டன. கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவார். மறுபடி எழுந்து ஊன்றுகோலோடு போய் இழுத்துப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "பூட்டினேன் இல்ல நர்ஸம்மா?" என்பார்.

"பூட்டினீங்க ஐயா."

ஒருநாள்கூட அவர் பூட்டாமல் விட்டதில்லை.