ஸ்பானிஷ் என்று எழுதினேன்

லிங்கநகரிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், வரும் நோயாளிகளின் விபரத்தைப் பதிவது என் வேலை. ஒரு காலை, ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மீனவர்கள் ஒரு வெளிநாட்டவரைக் கொண்டுவந்தார்கள். கடலில் உடைந்து மிதந்த பாய்ப்படகில் தனியாகக் கிடந்தாராம். கடவுச்சீட்டும் போனும் கடலோடு போய்விட்டன. கால் காயம் பழுத்து, உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

"எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஸ்பானிஷ்," என்றார்.

ஸ்பெயின்காரரை ஆங்கிலத்தில் ஸ்பானிஷ் என்பார்கள், அது எனக்குத் தெரியும். தெரியும் என்ற பெருமையும் இருந்தது. நாடு என்ற இடத்தில் ஸ்பெயின் என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்ற சிற்றூழியர், "ஐயா, உங்கட பேர் என்ன?" என்றார். வெளிநாட்டவரின் முகம் சட்டென்று தெளிந்தது. "பேரு! பேரு!" என்று நெஞ்சில் தட்டினார். தமிழ்ச் சொல்லைப் பிடித்துவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். பிறகு ஒருமாதிரி அவருடைய பெயரை வாங்கி எழுதினேன்.

அந்தப் பதிவின்படியே ஸ்பெயின் தூதரகத்துக்குச் செய்தி போனது. மறுநாள் என் போனில் மொழிபெயர்த்து, "ஸ்பெயினில் எந்த ஊர்?" என்று காட்டினேன். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நினைவு தடுமாறுகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், அப்படி ஒருவர் தங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. வார்டில் இருந்த கிண்ணியா ஊர்த் தாதியிடம் அதைச் சொன்னேன். அவர் முஸ்லிம்; எங்கள் படிவங்களில் அது தனி இனம்.

"அக்கா, அவர் ஸ்பானிஷ் எண்டது கதைக்கிற பாஷையை இல்லையோ?"

"ரெண்டும் ஒண்டுதானே, மிஸ்."

"நானும் வீட்டில தமிழ்தான் கதைக்கிறன். இனம் எண்ட இடத்தில என்னைத் தமிழ் எண்டு எழுதுவீங்களா?"

போனில் உலகப் படத்தைத் திறந்து நோயாளியின் முன்னால் பிடித்தோம். ஸ்பெயினைத் தொட்டேன். இல்லை என்று தலையசைத்தார். படத்தைத் தென்னமெரிக்காவுக்குத் தள்ளினேன். அவர் விரல் மேற்குக் கரையில் ஒரு நாட்டில் நின்றது. பெரு. அங்கேயும் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். "பேரு! பேரு!" என்று அவர் முதல் நாளே நாட்டைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் பெரு தூதரகம் மூலம் அவருடைய மனைவி போனில் கிடைத்தார். ஆனால் அன்று காலையோடு நோயாளிக்கு நினைவு தப்பியிருந்தது. போனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன். அந்தப் பெண் நெடுநேரம் பேசினார், அழுதார், திரும்பவும் பேசினார். அவர் கண் திறக்கவில்லை. மாலையில் உயிர் பிரிந்தது.

"முந்தியே தெரிஞ்சிருந்தாலும் காப்பாற்ற ஏலாது," என்றார் டொக்டர். அது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு நாளும் அவரால் பேச முடிந்தது. அந்த இரண்டு நாளும் என் கையெழுத்தில் வேறொரு நாட்டுக்காரராகக் கிடந்தார்.

உடலை அனுப்பும் ஒழுங்குக்காக மனைவி மீண்டும் போன் எடுத்தபோது, மொழிபெயர்ப்பவர் மூலம் ஒன்று கேட்டார்: "அங்கே அவருடன் யாராவது அவருடைய மொழியில் பேசினார்களா?"

ஒருவரும் பேசவில்லை.

"ஓம்," என்றேன்.