ஏட்டையா வாங்கித் தந்த பரோட்டா

நான் முதன்முதலாக முட்டை பரோட்டா தின்றது கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில். வாங்கித் தந்தவர், என் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன ஏட்டையா.

எங்கள் மலையில் சோளக்காடு என்கிற ஊரில் ஒரு கடையில் மிளகு மூட்டைகள் களவு போயிருந்தன. அப்பா அங்கே மூட்டை தூக்குகிறவர். ஆளைப் பிடித்தாக வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் நெருக்கினார்களாம். கைக்கு எட்டியவர் அப்பா. விசாரணைக்கு என்று கூட்டிப் போனவர் வீடு திரும்பவில்லை. கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தகவல் வந்ததும், அம்மா என்னை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கினாள். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். அம்மா என் முதுகைத் தடவியபடி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அப்பா ஜட்ஜம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும், விட்டுவிடுவார்களாம்.

கோர்ட் வாசலில் ஏட்டையா அப்பாவின் விரல்களோடு தன் விரல்களைக் கோத்துப் பிடித்து நின்றிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டாளிகள் என்றுதான் தோன்றும். அப்பா பாதத்தை ஊன்றாமல் நடந்தார். முள் ஏறிவிட்டதா என்று கேட்டேன். "ஆமாங் கண்ணு" என்றார்.

"புள்ள பசியாக் கெடக்குது. ஜட்ஜம்மா வர இன்னும் நேரமிருக்குது. வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்" என்றார் ஏட்டையா.

அப்பா வேண்டாமென்று தலையாட்டினார். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் வாங்கித் தந்த சோற்றைத் தின்றுவிட்டால், ஊர்க்கூட்டத்தில் அவருக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது. கூட்டம் நடக்கிற நாளில் எதிராளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஏட்டையா எங்கள் மலையில் வெகுகாலம் வேலை பார்த்தவர்; அவர் பார்க்காத ஊர்க்கூட்டம் இல்லை.

அவர் என்னைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார். இலை வந்தது. நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் கடைசியில் உட்கார்ந்தார். பிடித்துப் போனதிலிருந்து பட்டினி போலிருக்கிறது. அம்மா மட்டும் கை வைக்கவில்லை.

ஜட்ஜம்மா நல்லவர். அதை இன்றும் சொல்வேன். ஏட்டையாவை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"போலீஸ்காரங்க அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்லீங்க சாமி."

"அப்போ கால் ஏன் இப்படி இருக்கு?"

அப்பா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். "முள்ளுங்க" என்றார்.

ஜட்ஜம்மா அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

வெராந்தாவில் அம்மா, "ஏனுங்க, அந்தம்மா அத்தனை தன்மையாக் கேட்டாங்களே, சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

"கை நனைச்சுட்டமே. புள்ளயும் தின்னுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா.

அப்பா ஜாமீனில் வந்த பிறகும் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. சாட்சி சொல்ல வேண்டிய ஏட்டையா மாற்றலாகிப் போனார். அவரைக் கூப்பிட்டு கோர்ட் சம்மன் அனுப்பும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் போலீஸ்தான். ஆளைக் காணோம் என்று அவர்களே வந்து சொல்வார்கள், கோர்ட்டும் வாய்தா போடும். அடித்ததைப் பற்றி எங்கள் வக்கீல் பேச எழுந்தபோதெல்லாம், முதல் நாளே முள் என்று சொல்லிவிட்டாரே என்றார்கள். கடைசியில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தார்கள். அந்தக் காலோடு அப்பா அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் தூக்கவில்லை. பஸ் ஏறப் பாதைவரை நடப்பதற்கே அம்மாவின் தோள் வேண்டியிருந்தது. அந்த விடுதலையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அப்பா ஜெயிலில் இருந்தபோது, பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டார். போலீஸ் ஆகி, பசிக்கிறவர்களுக்குப் பரோட்டா வாங்கித் தருவேன் என்றேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அந்தப் பெருமையோடு ஓடிவந்து அம்மாவிடமும் சொன்னேன். அதுவரை என்னை அடித்தறியாதவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லதைத்தானே சொன்னேன் என்று நினைத்தபடி நானும் அழுதேன்.