இனிஷியல் வைத்த சாமி

எங்கள் சாமிக்கு இனிஷியல் உண்டு என்று கண்டுபிடித்தவள் நான்தான். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியிருந்த வருடம் அது. பஸ் போர்டு, உர மூட்டை, தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு திரிவேன்.

சித்தேரி மலையடிவாரத்தில் நாலே வீடுகள். முப்பாட்டன் நல்லம்பள்ளிப் பக்கம் பிழைக்க வழியில்லாமல் வந்து, முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, ஒரு கொட்டாய் போட்டார். அவர் மகன் கிணறு வெட்டினார். பேரன்களான பெரியப்பாவும் அப்பாவும் மரவள்ளி போட்டார்கள். கடைசிவரை யாரும் அதை ஊர் என்று சொன்னதில்லை. கொட்டாய்தான்.

நிலத்தின் கீழ்க்கோடியில், வேம்படியில் சாமி. இடுப்புயரக் கல், மஞ்சள் அப்பி அப்பித் தடித்திருக்கும். ஆடியில் அதைக் கழுவிப் புது மஞ்சள் பூசுவது பெரியப்பா மட்டும்தான். அந்த ஆடியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, நானும் அத்தையும் கழுவினோம். நான் தேய்த்த தேய்ப்பில் பின்பக்கம் எழுத்து வந்தது. ஆர், எஃப், நாற்பத்தேழு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

"எல்லாஞ் சாமி எழுத்துதான். வாய மூடிட்டுத் தேய்டி."

ஒரு மாதம் கழித்து, காட்டு எல்லையை அளக்க இரண்டு ஆபீசர்கள் வந்தார்கள். பெரியப்பா மோர் கொடுத்தார்.

"இங்க ஒரு எல்லைக்கல்லு இருக்கணுமே பெரியவரே?" என்றார் மூத்த ஆபீசர்.

"யானை தூக்கிட்டுப் போயிருக்குமுங்க சார்."

"தூக்கிட்டுப் போயி? அம்மியா போட்டுக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "எழுத்து வெட்டியிருக்கும், நம்பர் இருக்கும்" என்றார் அவர் சிரித்தபடியே.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எங்க சாமிமேல இருக்குதுங்க சார்! ஆர் எஃப் நாப்பத்தேழு! நாந்தான் படிச்சேனுங்க!"

சிரிப்பு நின்றது. அத்தை என் கையைக் கிள்ளினாள். கையை உதறிக்கொண்டு நானே முன்னால் ஓடி வழிகாட்டினேன். ஆபீசர் வேம்படியில் செருப்பைக் கழற்றினார். கைக்குட்டையால் மஞ்சளைத் துடைத்தார், போனில் படம் எடுத்தார். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று என் தலையைத் தட்டினார்.

முப்பாட்டன் அந்தக் கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டிருக்கலாம். சர்க்கார் கல்லைப் பிடுங்கப் பயந்தவர், மஞ்சள் பூசிவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார். கல்லுக்கு மேல்புறம் இருந்த கிணறு, மரவள்ளி, நாலு வீடு அத்தனையும் ஆர் எஃப், அதாவது ரிசர்வ் ஃபாரஸ்ட் காட்டுக்குள் என்று முடிவானது. இன்று அங்கே அகழியும் முள்கம்பியும். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். அத்தை அதியமான்கோட்டையில் ஹைவே ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாள். நாலு வீட்டில் ஒரு வீடுகூட இன்னொரு வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை.

ஆபீசர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் யாரும் என்னை அடிக்கவில்லை. பாராட்டவும் இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். பெரியப்பா மஞ்சள் கிண்ணத்தோடு வேம்படிக்குப் போனார். நானும் போனேன். முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பின்னாடி விட்டுட்டீங்க பெரியப்பா. எழுத்து தெரியுது பாருங்க."

"தெரியட்டும் கண்ணு."

அவருக்கும் பெருமையாக இருக்கிறது என்று நினைத்தேன். அவர் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, இன்னொரு முறை உரக்கப் படித்துக்காட்டினேன்.