ஜாயிண்டுக்குள் ஒரு துளி வேர்வை

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் சாலையில் கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. டேட்டா சென்டர் என்றார்கள். நாலு பேர் நடமாடப்போகும் இடத்துக்கு ஒரு ஊருக்கே போதுமான கரண்ட். அதைக் கொண்டுவரும் முப்பத்துமூன்றாயிரம் வோல்ட் கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பது எங்கள் வேலை. கட்டடத்துக்குள் கம்ப்யூட்டருக்கு ஏசி வரும். எங்களுக்குக் குழி, தூசி புகாமல் சுற்றிலும் அடைத்த ஒரு தார்பாய்க் கூடாரம். பங்குனி மாதத்தில் அதற்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜாயிண்ட் போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செய்வார், அவருடைய எண்ணைப் பொறித்த தகடுதான் ஜாயிண்டின் மேல் ஏறும். மற்றவர் எதிரே உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுத்து, செய்கிறவரின் நெற்றியையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்வை உள்ளே போனால் அந்த ஈரம் பல மாதம் கழித்துக்கூட ஜாயிண்டை வெடிக்க வைக்கும். வெளியாள் பார்த்தால் மாப்பிள்ளைக்கு உபசாரம் நடக்கிறது என்று சிரிப்பான்.

அன்று செய்தவர் ஜேடர்பாளையத்துக்காரர். என் வயதுதான், ஆறு வருடமாக நாங்கள் ஜோடி. முந்தின வருடம் அவர் போட்ட ஜாயிண்ட் ஒன்று டெஸ்டில் போய்விட்டது. இன்னொரு தப்பு அவர் பேரில் ஏறினால், ஜாயிண்ட் போட உரிமம் தரும் ஜாயிண்டர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மூன்று கேபிள்களில் நடுக் கேபிளின் மேல் ரப்பர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார். நெற்றியைத் துடைக்க நான் குனிந்தேன். என் மோவாயிலிருந்து ஒரு துளி, சுத்தம் செய்து வைத்திருந்த இடத்தில் விழுந்தது. அடுத்த நொடியே ரப்பர் அதை மூடிக்கொண்டது. அவர் பார்க்கவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. துடைக்க உட்கார்ந்தவனே சிந்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நிஜமாகவே விழுந்ததா, பிரமையா என்று மனசுக்குள் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டெஸ்டில் பாஸ். "இனி நிம்மதியாத் தூங்கலாமுங்க" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும்போது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவருக்குக் கேபிளைப் பற்றி என்ன தெரியும்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது ஜேடர்பாளையத்துக்காரரிடமே சொன்னேன். டிபன் டப்பாவை மூடினார்.

"எதுலீங்க விழுந்துது?"

"நடுவுல இருக்கறதுல. டெஸ்டுதான் பாஸாயிருச்சே."

"டெஸ்டு கொஞ்ச நேரமுங்க. கரண்டு தெனமும் போகோணுமுல்ல."

கை கழுவிவிட்டு நேராக இன்ஜினியரிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். "அந்த ஜாயிண்ட வெட்டிப்போட்டு வேற போடோணுங்க. உள்ள ஈரம் போயிருச்சு."

"யார் தப்பு?" என்றார் இன்ஜினியர்.

நான் பேச ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க. தகட்டுல இருக்கறது என்னோட நம்பரு" என்றார் ஜேடர்பாளையத்துக்காரர், என் பக்கம் திரும்பாமலே. சும்மா இருந்தேன். அவருக்காக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் சுலபமாக இருந்தது. இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாயந்திரம் அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஜாயிண்டை என் எண்ணில் திரும்பப் போடச் சொன்னார்கள். எதிரே யாரை உட்கார வைப்பது என்று இன்ஜினியர் கேட்டதற்கு, "நானே உக்காந்துக்கறேனுங்க" என்றார் அவர்.

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை என் நெற்றியை ஒரு துளி விழாமல் துடைத்தார். ஒருமுறை என் கண்ணிலிருந்தும் வந்தது. அதையும் விழுவதற்குள் துடைத்துவிட்டு, "கையப் பாத்துச் செய்யுங்க" என்றார்.