ஸ்கைலிஃப்டும் மச்சானின் கயிறும்

ஸ்கைலிஃப்ட் முதன்முதலில் ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் வீட்டு முன் வந்து நின்றபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. லாரிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வந்திருந்தார்கள். இரண்டு சக்கரம், தரையில் ஊன்ற நான்கு இரும்புக் கால்கள், மடங்கிக் கிடந்த நீண்ட கை, அதன் முனையில் ஓர் ஆள் நிற்கக்கூடிய கூடை. அது எண்பதுகளின் தொடக்கம். எதற்கும் நாள் குறித்துவைக்கும் எனக்கு இதன் தேதி மட்டும் கிடைக்கவில்லை. தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன என்பதுதான் நினைவிருக்கிறது. மச்சான் கூடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறுனா மரம் வெட்டுறதா, சாமி மாதிரி ஊர்வலம் போறதா?" என்றார்.

மச்சான் என்றது அக்காவின் கணவரை. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து, சாலையோர மரங்களைக் கழிக்கும் ஒரு முதலாளியிடம், தவுக்கேயிடம், சேர்ந்தார். என் அண்ணனையும் அதே வேலைக்கு அழைத்துக்கொண்டார். மச்சான் மரத்தில் ஏறுவார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு உச்சிக் கவையைச் சுற்றிக் கீழே வரும். அதன் நுனி அண்ணன் கையில். குளவி கலைந்தால், மேலிருந்து குரல் வருவதற்கு முன்பே அண்ணன் கயிற்றைத் தளர்த்தி அவரை இறக்கிவிடுவான். "எம் பொண்டாட்டி தாலி என் மாப்ள கையிலதான் இருக்கு லா" என்று மச்சான் சாப்பாட்டுக் கடையில் சொல்லிச் சிரிப்பார்.

ஸ்கைலிஃப்ட் வந்தபின் அண்ணன் கையில் கயிறு போய் லீவர் வந்தது. கீழே நின்றபடி கூடையை ஏற்றவும் இறக்கவும் அதுதான். கூடைக்குள் ஒரு வளையம் இருந்தது; மேலே நிற்பவர் தம் இடுப்பு பெல்ட்டை அதில் மாட்ட வேண்டும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். மச்சான் மாட்டவில்லை. கூடையில் நின்றுகொண்டே இடுப்பில் கட்டிய தம் பழைய கயிற்றின் நுனியை எட்டும் கிளையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பெல்ட்ட மாட்டுங்க மச்சான். தவுக்கே பாத்தா திட்டுவான்."

"அவன் வந்து ஏறட்டும் மாப்ள, அப்ப மாட்டுறேன். மரம் என்னைய விட்டதில்ல. இந்த இரும்பு நேத்து வந்தது."

அதற்குப் பின் நடந்ததை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். ஒரு பழைய தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் போகும் பாதையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மச்சான் கிளையை அறுத்தபோது பொந்திலிருந்த குளவிகள் கலைந்தன. கீழேயும் வந்தன. அண்ணன் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு லீவரை அழுத்தினான். கூடை இறங்கியது. சட்டையை விலக்கிப் பார்த்தபோது எதிரே நின்ற கூடை காலி. மச்சான் மேலே, கிளையில் கட்டிய கயிற்றில் இடுப்பு மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் குளவிகள். லாரி டிரைவரிடம் லீவரைக் கொடுத்துவிட்டு, அதே கூடையில் அண்ணன் மேலே போய், பாராங் கத்தியால் கயிற்றை வெட்டி, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஆஸ்பத்திரியில் இருவர் முகமும் அடையாளம் தெரியாமல் ஒன்றுபோல் வீங்கியிருந்தன. மச்சான் கண் திறக்கவே இல்லை.

கருமாதி முடிந்த அன்று அக்கா அண்ணனைக் கேட்டாள்.

"அவரு மரத்துலதான் கட்டுவாருன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா எறக்குன?"

அதற்குப் பிறகு அக்கா அவனிடம் பேசவில்லை. ஆண்டுதோறும் திதிக்கு அவன் தவறாமல் வருவான். இலை போட்டு அக்காதான் பரிமாறுவாள். போதும் என்று அவன் கையால் மறித்தால் நிறுத்திக்கொள்வாள்.

இன்று ஈப்போ சாலைகளில் ஸ்கைலிஃப்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. பெல்ட் மாட்டிய பையன்கள் அதில் ஏறிக் கிளை வெட்டுகிறார்கள். நான் அந்த இயந்திரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், வேலை தெரிந்தவர்களைக் கேட்டேன். கடைசியில் எனக்குப் புரிந்ததை அக்காவிடம் சொல்லத் துணிந்தேன். மரத்தில் கட்டுவது மச்சானின் பழக்கம். குளவி கலைந்தால் இறக்குவது அண்ணன் கையின் பழக்கம். கயிறு அண்ணன் கையில் இருந்தவரை இரண்டும் சேர்ந்தே அவரைக் காப்பாற்றின. கூடை வந்த பிறகு ஒன்றுக்கொன்று எதிராகிவிட்டன. அண்ணன் யோசித்துச் செய்ததல்ல.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றாள். "அவன் எடத்துல நான் நின்னுருந்தாலும் எறக்கித்தான் இருப்பேன்."

"அப்புறம் ஏன்க்கா பேச மாட்டேங்கிற?"

ஆய்ந்த கீரையை ஒருபக்கம் ஒதுக்கி வைத்தாள்.

"பேசுனா மொத வார்த்தையா 'பரவால்லடா'ன்னு சொல்லணும். சொல்லிரலாம்னுதான் ஒவ்வொரு திதிக்கும் நெனைக்கிறேன். எலையப் போட்டுக் குனியறப்ப, அது இன்னும் பொய்யாத்தான் இருக்கு."