மூன்று மூலைகளுக்கு நடுவில் வெர்னெல்

வெர்னெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தேழு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. உறவென்று சொல்லிக்கொள்ள அக்கா மார்செல்லா ஒருத்திதான். தினமும் காலையில் அக்கா வீட்டு முன்னால் பேருந்து நிற்கும். பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிவிட்டு, அக்கா படிவழியே ஒரு குவளை காப்பியை நீட்டுவாள். நான்கு குளிர்காலமாக அது தவறியதில்லை.

அயோவா மாநிலத்தில் அவர்கள் கட்சிக்காரர்கள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரை வாக்குச்சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பிப்ரவரி மாதம் மாலை ஏழு மணிக்குப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடி, அவரவருக்குப் பிடித்த ஆளின் மூலையில் போய் நிற்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஊரே பார்க்கும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துபோகும்; அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

அந்த வருஷம் போட்டியில் மூன்று பேர்: ஒரு கவர்னர், ஒரு செனட்டர், ஒரு மேயர். மார்செல்லா கவர்னரின் ஆள். கவர்னர் அவள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கேக் தின்றிருந்தார். அந்தப் போட்டோ குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. "இந்த ஊர் உங்களுக்குத்தான்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெர்னெல் மூன்று வேட்பாளர்களையும் நேரில் பார்த்தவள். மூவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "பக்கத்து ஊர்ப் பள்ளிய மூடிட்டாங்க. பசங்க ஒண்ணேகால் மணி நேரம் என் வண்டியில உக்காந்து வருதுங்க. என்ன செய்வீங்க?" ஜனாதிபதியால் அதில் ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதை ஒருவராவது ஒத்துக்கொள்வாரா என்று பார்த்தாள். மூவருமே "அருமையான கேள்வி" என்றார்கள்.

பிரச்சாரத்துக்கு வந்த வெளியூர் இளைஞர்களைப் பனியில் நிறுத்திவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கேக் கொடுத்தாள். அவர்கள் பேசப் பேசத் தலையாட்டினாள். அந்த ஊர்ப் பக்கத்தில் தலையாட்டுவது மரியாதை, அவ்வளவுதான். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை; அவரவர் பட்டியலில் அவள் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அன்று கூடத்துக்கு நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். ஒரு மூலை நிலைக்க ஏழு பேர் வேண்டும். செனட்டர் மூலையில் இருபத்திரண்டு பேர், மேயர் மூலையில் பதினேழு பேர். மார்செல்லாவிடம் ஆறு பேர்தான். கூடைப்பந்து ஆடுகளத்தின் நடுவில் வெர்னெல் மட்டும் குளிர்கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"வெர்னெல், இங்க வாம்மா!" என்று செனட்டர் மூலையிலிருந்து ஆணிக்கடை டெல்பர்ட் கத்தினான். "லிஸ்ட்ல உன் பேருக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஒண்ணுன்னா உறுதி!"

"எங்க லிஸ்ட்லயும் ஒண்ணுதான்!" என்றது மேயர் மூலை.

கூடம் சிரித்தது. டெல்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கியா? உன்ன நம்பியா பிள்ளைங்கள பஸ்ல ஏத்தறோம்?"

"கேக் குடுத்தேன், டெல்பர்ட். ஓட்டுக் குடுக்கல."

மார்செல்லா அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒரே ஒரு ஆள் குறையுதுடி. வந்து நில்லு."

"எனக்கு இன்னும் தெரியலக்கா."

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது? உன்னக் கட்டிக்க லைல் ஆறு வருஷம் காத்திருந்தான். 'யோசிக்கறேன் யோசிக்கறேன்'னு சொல்லியே அவன வேற ஒருத்திக்குத் தாரை வாத்தே. இப்ப என் மானத்த வாங்க வந்திருக்கே."

"கவர்னருக்காகக் கேக்கறியா, உனக்காகக் கேக்கறியா?"

"நான் உன் கூடப் பொறந்தவ. அது போதாதா?"

"வீட்டுல போதும். இங்க போதாது."

மார்செல்லா கையை விட்டாள். "அப்ப வீட்டுக்கும் வராதே."

நேரம் முடிந்தது. கூட்டத்தை நடத்திய ஆர்வில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெர்னெலைப் பார்த்தார். "எந்த மூலைம்மா?"

"எதுவுமில்ல."

"அப்ப உங்கள எண்ண முடியாது."

"எண்ண வேண்டாம்."

கவர்னர் மூலை கலைந்தது. தான் வாய்க்கு வாய் திட்டிவந்த செனட்டரின் மூலைக்கே போய், டெல்பர்ட்டின் பக்கத்தில் மார்செல்லா நின்றாள். முகம் சிவந்திருந்தது. வெளியே போகிற தங்கையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "பஸ்ஸையாவது எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியுமா?" என்றார்கள். மறுபடி சிரிப்பு.

மறுநாள் காலை, கதவுப்பிடி கையோடு ஒட்டிக்கொள்கிற குளிர். அக்கா வீட்டு முன்னால் வெர்னெல் பேருந்தை நிறுத்தினாள். சிவப்பு விளக்குகள் மினுங்கின. 'நில்' பலகை பக்கவாட்டில் நீண்டது. அது நீண்டிருக்கும்வரை எந்த வண்டியும் நகரக்கூடாது, சட்டம் அப்படி. வீட்டு வாசலில் யாரும் இல்லை. வண்டிப்பாதையில் மார்செல்லாவின் கார் புகைவிட்டுக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன.

வராத பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் காத்திருக்கலாம். வெர்னெல் ஆறு நிமிஷம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். குளிர் உள்ளே புகுந்தது. பின்னால் மற்றப் பிள்ளைகள் முனகின.

காரின் ஹாரன் நீளமாக அலறியது. கண்ணாடி இறங்கியது.

"எடுடி வண்டிய! இதையாவது முடிவு பண்ணு!"

வெர்னெல் பலகையை மடக்கிக் கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், குவளை வைக்கிற வளையத்தில் கையுறைகளைச் செருகிவிட்டு வண்டியை எடுத்தாள்.