இறுக்கி கட்டிய முட்டைப் பெட்டி

கண்ணாடிக் கோப்பைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறையில் அப்பாவுக்கு இறுக்கி என்று பெயர். அவர் கட்டிய பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வராது. "இறுக்கி கட்டினதைப் பிரிக்கிறதுக்குள்ள வாங்கினவனுக்குத் தலை நரைச்சிடும்" என்பார்கள் கூட வேலை செய்தவர்கள்.

திருட்டுக்குப் பயந்து அந்த அறையை வெளியே பூட்டுவார்கள். தூசு வராமலிருக்க ஜன்னல்களில் ஆணி. ஒன்றுக்குப் போகவும் மணியடிக்க வேண்டும். அந்த அறைக்குள் பத்தொன்பது வருடம். மாடியில் பெட்டிகளை வடிவமைக்கும் பிரிவு இருந்தது. அங்கே ஜன்னல் திறக்கும். மாற்றல் கேட்டு அப்பா நான்கு முறை எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

மகள் எட்டாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு போட்டி. மூன்றாவது மாடியிலிருந்து போட்டாலும் உள்ளிருக்கும் முட்டை உடையாத பெட்டி செய்ய வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

"தள்ளு, இது என் வேலை" என்றார் அப்பா. முட்டை மூச்சுவிட இடமில்லாதபடி காகிதச் சுருளைத் திணித்தார்.

"கொஞ்சம் ஆட விடுங்கப்பா. சட்டுனு நின்னா உடைஞ்சிடும். மெதுவா நிக்கணும்."

"ஆடினாதான் உடையும். யார்கிட்ட சொல்ற?"

மறுநாள் பள்ளியில் அப்பாவின் பெட்டி விழுந்தது. மூலையில் மஞ்சள் கசிந்தது. மகள் தன் காலுறையைக் கழற்றி இரண்டாவது முட்டையை அதில் போட்டாள். ஒரு காலிப் பெட்டியின் நடுவில் ரப்பர் பட்டைகளால் தொங்கவிட்டாள். அது உடையவில்லை. முதல் பரிசு.

மாலையில் அப்பா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "என் பெட்டிதானே?"

அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க பெட்டிதான்ப்பா."

அடுத்த வாரம் அதேபோல இன்னொன்று கட்டினார். சலவைச் சட்டை போட்டார்.

"எங்கப்பா?"

"மேனேஜர்கிட்ட. இதைப் பாத்தா மாடிக்கு அனுப்பாம இருப்பாரா?"

மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மாலையில் வெறுங்கையோடு வந்தார். "மாடிப்படியிலேர்ந்துதான் போட்டார். பொசுக்குனு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க." சட்டையைக் கழற்றி மடித்தார். "ஸ்கூல்ல மூணாவது மாடிதானே?"

"ஆமாப்பா."

"அப்ப பெட்டியில கோளாறு இல்ல. கடைக்காரன் ஓடு மெலிஞ்ச முட்டையைக் குடுத்துட்டான். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? நாம ஜெயிச்சவங்க."

அப்பா மறுபடி மாற்றல் கேட்கவில்லை. அந்த அறையில் இன்னும் பதினோரு வருடம் இருந்தார். மகள் பொறியாளரானாள், பெட்டிகளைக் கீழே போட்டுச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு விடுமுறைக்கும் உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு வருவாள். அவள் பையை இறக்கும் முன்பே அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் பரிசைப் பற்றி ஆரம்பித்திருப்பார்.

போன மாதம், ஆஸ்பத்திரியில், அவருடைய கடைசி வாரத்தில், ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னார். "நானும் என் பொண்ணும் ஒரு பெட்டி செஞ்சோம். மூணு மாடி. ஒரு கீறல் இல்ல."

நர்ஸ் மகளைப் பார்த்தார்.

"ஆமா" என்றாள் மகள்.